அமெரிக்க மாஜாங்: கார்டிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி சுருக்கமாக இது: “நியூ ஜெர்சிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. எதிர்வீட்டு அம்மா வாராவாரம் நடக்கும் மாஜாங் ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறார். நான்காக மடித்த ஒரு அட்டையைக் காட்டினார். பச்சை, சிவப்பு, நீலத்தில் எண்களும் எழுத்துகளும் வரிசையாக இருந்தன, ஒன்றும் புரியவில்லை. ரம்மி நன்றாக ஆடுவேன். இதை எங்கிருந்து கற்றுக்கொள்வது?”

நீங்கள் சொல்லும் அட்டையை வைத்தே அது எந்த ஆட்டம் என்று சொல்லிவிடலாம். மாஜாங் என்ற பெயரில் பல ஆட்டங்கள் இருக்கின்றன. போனில் அந்தப் பெயரைப் போட்டுத் தேடினால், குவித்து வைத்த காய்களில் ஒரே மாதிரியானவற்றை இரண்டிரண்டாக எடுக்கும் ஆட்டம்தான் முதலில் வரும். அது தனியாக ஆடுவது. 1981-ல் பிராடி லாக்கார்ட் என்பவர் பிளேட்டோ என்ற கணினி அமைப்புக்காக எழுதினார், 1986-ல் ஆக்டிவிஷன் அதை ‘ஷாங்காய்’ என்ற பெயரில் விற்றது. காய்களின் படம் ஒன்றே தவிர, மேசை ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது “எனக்குத் தெரியும், நான் சொல்லித் தருகிறேன்” என்றாலும் கொஞ்சம் பொறுங்கள். அவர் பார்த்திருக்கக்கூடியது பூனை, எலி, சேவல், பூரான் காய்களெல்லாம் உள்ள சிங்கப்பூர் வகை. அதற்கு இந்தக் கார்டு கிடையாது.

உங்கள் எதிர்வீட்டில் ஆடுவது அமெரிக்க மாஜாங். சீனாவில் வேலை பார்த்த ஜோசப் பாப்காக் என்ற அமெரிக்கர் 1920-ல் விதிகளை எளிமையாக்கிப் புத்தகம் போட்டார். அந்தப் பத்தாண்டில் அமெரிக்கா முழுக்க மாஜாங் பைத்தியம் பிடித்தது. ஆனால் வீட்டுக்கு வீடு ஒரு விதி, கிளப்புக்குக் கிளப் ஒரு கணக்கு. அதை ஒழுங்குபடுத்த 1937-ல் நியூயார்க்கில் சில பெண்கள் சேர்ந்து நேஷனல் மாஜாங் லீக் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பெரும்பாலும் யூதப் பெண்கள். வெற்றி பெறக்கூடிய கைகளை ஒரு கார்டில் அச்சடித்து, அதை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது அவர்களின் ஏற்பாடு. இன்றும் வசந்த காலத்தில் புதுக் கார்டு வருகிறது. வந்தவுடன் பழைய ஆட்டக்காரர்களும் முதல் சில வாரம் தடுமாறுவார்கள். புதிதாகச் சேர அதுதான் நல்ல நேரம்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது: காய்களைக் கற்பதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். கார்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ரம்மியில் செட், சீக்வன்ஸ் என்று இரண்டு விதி தெரிந்தால் எந்தச் சீட்டு வந்தாலும் நீங்களே சேர்க்கையை உருவாக்கிக்கொள்ளலாம். இங்கே அந்தச் சுதந்திரம் இல்லை. உங்கள் 14 காய்களும் கார்டில் உள்ள ஏதாவது ஒரு வரியோடு அப்படியே பொருந்த வேண்டும். அழகான சேர்க்கையாக இருக்கலாம், நான்கு நான்காக அமைந்திருக்கலாம். கார்டில் இல்லையென்றால் அது கையே இல்லை. ரம்மி நன்றாக ஆடுபவர்கள் முதலில் இடறுவது இந்த இடத்தில்தான். 5, 6, 7 என்று ஓர் இனத்தில் தொடர்ச்சியாக வந்தால் கை தானாக அதைப் பாதுகாக்கும். இங்கே அந்த மூன்றுக்கும் தனியாக மதிப்பே இல்லை.

காய்களை ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன். மொத்தம் 152. பாம் (மூங்கில்), கிராக் (சீன எழுத்து), டாட் (வட்டம்) என்று மூன்று இனம். ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை, ஒவ்வோர் எண்ணும் நான்கு காய், ஆக 108. கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று நான்கு காற்று, நான்கு நான்காக 16. சிவப்பு, பச்சை, வெள்ளை என்று மூன்று டிராகன், 12. பூ 8, ஜோக்கர் 8. வெள்ளை டிராகனை எல்லாரும் ‘சோப்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பூக்களில் எண்ணோ வேறு படமோ இருக்கும், எட்டும் ஒன்றுதான், கண்டுகொள்ள வேண்டாம். 1 பாம் மட்டும் பறவைப் படமாக இருக்கும். புதியவர்கள் அதைப் பூவோடு சேர்த்து வைத்துவிடுவார்கள், முதல் நாளே அதைத் தேடிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டிராகன் ஒவ்வொன்றும் ஓர் இனத்தோடு சேர்த்தி: சிவப்பு கிராக்கோடு, பச்சை பாமோடு, சோப் டாட்டோடு.

இப்போது கார்டு. அதில் உள்ள வண்ணங்கள்தான் எல்லாரையும் குழப்புவது. பச்சையில் அச்சடித்திருந்தால் பாம், சிவப்பு என்றால் கிராக் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. வண்ணம் சொல்வது எத்தனை இனம் வேண்டும் என்பதை மட்டும். ஒரு வரி முழுக்க ஒரே வண்ணத்தில் இருந்தால், மூன்றில் ஏதாவது ஓர் இனம். இரண்டு வண்ணம் இருந்தால் ஏதாவது இரண்டு இனம், மூன்று என்றால் மூன்றும் வேண்டும். எந்த வண்ணத்துக்கு எந்த இனம் என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம். எஃப் என்றால் பூ, டி என்றால் டிராகன். திசைகளுக்கு அவற்றின் ஆங்கில முதலெழுத்து. பூஜ்யம் வந்தால் அது சோப். அந்த ஆண்டின் எண்ணை வைத்து ஒரு பகுதி இருக்கும், அங்கே 2, 0, 2 என்று வரும்போது சோப்புக்குத் திடீர் மரியாதை வந்துவிடும். அந்த இடத்தில் அதற்கு இனமும் கிடையாது, எந்த இனத்தோடும் சேரும்.

ஒரு மாதிரி வரியைப் பார்க்கலாம். கார்டிலிருந்து எடுத்ததில்லை, விளக்கத்துக்காக நான் எழுதியது: எஃப்எஃப் 2222 4444 6666, எண்கள் மூன்றும் மூன்று வண்ணத்தில். எண்ணிப் பாருங்கள், 14 வருகிறது. பொருள்: இரண்டு பூ, ஓர் இனத்தில் நான்கு 2, இன்னோர் இனத்தில் நான்கு 4, மூன்றாவது இனத்தில் நான்கு 6. 2 பாமாகவும் இருக்கலாம், டாட்டாகவும் இருக்கலாம். இதே வரி ஒரே வண்ணத்தில் இருந்தால் மூன்று எண்ணும் ஒரே இனமாக இருந்தாக வேண்டும். வரிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் குறிப்பு இருக்கும். ‘இந்த எண்கள் மட்டும்’ என்றோ ‘ஏதாவது மூன்று தொடர் எண்கள்’ என்றோ சொல்லும். அதைப் படிக்காமல் விட்டால் 1, 2, 3 என்று அச்சடித்திருப்பதை அப்படியே தேடிக்கொண்டிருப்பீர்கள், 5, 6, 7 வைத்தே முடித்திருக்கலாம் என்பது தெரியாமல்.

வரியின் கடைசியில் எக்ஸ் அல்லது சி என்ற எழுத்தும் ஒரு தொகையும் இருக்கும். எக்ஸ் என்றால் பிறர் போட்ட காயை எடுத்துத் திறந்து வைக்கலாம். சி என்றால் மூடிய கை. எல்லாவற்றையும் நீங்களே சுவரிலிருந்து (மேசையில் கவிழ்த்து அடுக்கிய காய்களிலிருந்து) எடுக்க வேண்டும், வெற்றிக்கான கடைசிக் காயை மட்டும் பிறரிடமிருந்து எடுக்கலாம். ஆரம்பத்தில் சி கைகளைத் தொடாதீர்கள்.

கார்டில் உள்ள கைகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். அடுத்த ஆண்டு மாறிவிடும். பகுதிகளை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆண்டு, இரட்டை எண்கள், ஒரே எண் பல இனங்களில், ஐந்தைந்து காய் கேட்கும் கைகள், தொடர் எண்கள், ஒற்றை எண்கள், காற்றும் டிராகனும், 3-6-9, கடைசியில் ஒற்றைகளும் ஜோடிகளும். வரிகள் மாறினாலும் இந்தப் பகுதிகள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். கையைப் பார்த்தவுடன் “இது எந்தப் பகுதி?” என்று கேட்கப் பழகினால் போதும், பிறகு அந்தப் பகுதியின் நாலைந்து வரியை மட்டும் பார்த்தால் போகிறது. ஒற்றை-ஜோடிப் பகுதியை முதல் ஆண்டு மறந்துவிடுங்கள். அங்கே ஜோக்கர் ஒன்றுகூட செல்லாது.

ஜோக்கரைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், இந்த ஆட்டத்தின் குணமே அதில் இருக்கிறது. மூன்று அல்லது அதற்கு மேல் ஒரே காய் சேரும் இடத்தில் மட்டும்தான் ஜோக்கர் செல்லும். ஒற்றைக்குச் செல்லாது, ஜோடிக்கும் செல்லாது. நான்கு திசையும் ஒவ்வொன்றாகக் கேட்கும் இடத்திலும், ஆண்டு எண்ணை 2, 0, 2 என்று ஒவ்வொன்றாகக் கேட்கும் இடத்திலும் செல்லாது, அவை ஒற்றைகள். ஐந்து ஒரே காய் கேட்கும் கையில், பூவைத் தவிர மற்றதெல்லாம் நான்குதான் இருப்பதால், குறைந்தது ஒரு ஜோக்கர் கட்டாயம். முதல் 13 காயில் ஒரு ஜோக்கராவது வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 52 சதவீதம். அதாவது பாதி ஆட்டத்தில் ஒன்றும் இருக்காது, அதை எதிர்பார்த்துக் கை அமைக்கக் கூடாது.

இதிலிருந்து கிடைக்கும் பாடம், ஜோடிகளைப் பொத்திப் பாதுகாக்க வேண்டும் என்பது. நான்கு 6 சேர்க்க மூன்று வழி இருக்கிறது: சுவர், பிறர் போடும் காய், ஜோக்கர். ஆனால் கைக்குத் தேவையான இரண்டு பூ உங்களிடம் இல்லையென்றால், பிறர் போடும் பூவை நடுவில் எடுக்க முடியாது (வெற்றிக் காயாக இருந்தால் தவிர), ஜோக்கரும் உதவாது. அதனால் கை தேர்ந்தெடுக்கும்போது “இதற்கு வேண்டிய ஜோடி ஏற்கெனவே என்னிடம் இருக்கிறதா?” என்பதுதான் முதல் கேள்வி. நான்கு ஒரே காய் கையில் இருப்பதைவிட சரியான இரண்டு ஜோடி இருப்பது பல சமயம் மேல் என்பது என் கட்சி.

இன்னொரு வேடிக்கையான விதி. யாராவது திறந்து வைத்த சேர்க்கையில் ஜோக்கர் இருந்து, அதன் உண்மையான காய் உங்களிடம் இருந்தால், உங்கள் முறை வரும்போது காயைக் கொடுத்து ஜோக்கரை எடுத்துக்கொள்ளலாம். அவர் மூன்று 8 டாட்டும் ஒரு ஜோக்கரும் வைத்திருக்கிறார், நான்காவது 8 டாட் உங்களுக்கு வந்தது, கொடுத்துவிட்டு ஜோக்கரை வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கு அதில் மறுப்பு சொல்ல உரிமை இல்லை. கீழே போடப்பட்ட ஜோக்கரை மட்டும் யாரும் எடுக்க முடியாது.

ஆட்டம் எப்படி நகர்கிறது என்பதற்கு வருவோம். காய்களைக் கவிழ்த்துக் கலைத்து, ஒவ்வொருவரும் 19 நீளம், இரண்டு அடுக்காகச் சுவர் கட்டுவார்கள். கிழக்காக இருப்பவர், அதாவது அந்த ஆட்டத்தைத் தொடங்குபவர், பகடை உருட்டிச் சுவரை உடைப்பார். அவருக்கு 14 காய், மற்ற மூவருக்கும் 13. இதெல்லாம் பார்த்தாலே வந்துவிடும்.

வராதது சார்ல்ஸ்டன். ஆட்டம் தொடங்குமுன் வேண்டாத காய்களைப் பரிமாறிக்கொள்ளும் சடங்கு இது, அமெரிக்க மாஜாங்கின் தனி முத்திரை. ஒவ்வொரு தடவையும் மூன்று காய். முதல் சுற்றில் வலப்பக்கம், எதிரே, இடப்பக்கம். இது கட்டாயம். இரண்டாவது சுற்று இடம், எதிரே, வலம். அது தொடங்குமுன் யார் வேண்டுமானாலும் “வேண்டாம்” என்று நிறுத்தலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தொடங்கிவிட்டால் முடித்தாக வேண்டும். கடைசியாக எதிரே இருப்பவரோடு மட்டும் விருப்பப்பட்டால் மூன்று வரை மாற்றிக்கொள்ளலாம், இருவரில் யார் குறைவாகச் சொல்கிறாரோ அதுதான் எண்ணிக்கை. இரண்டு சுற்றின் கடைசிப் பரிமாற்றத்திலும், கொடுக்கக் காய் இல்லையென்றால், வந்த காயைப் பார்க்காமலேயே அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம். ஜோக்கரை மட்டும் சார்ல்ஸ்டனில் எப்போதும் கொடுக்கக் கூடாது.

ஒரு கையை எடுத்துப் பார்க்கலாம். இரண்டு பூ, இரண்டு 2 பாம், 4 பாம், 5 பாம், இரண்டு 6 கிராக், 9 கிராக், 3 டாட், 8 டாட், ஒரு வடக்கு, ஒரு ஜோக்கர். இரட்டை எண்களாக ஆறு காய், அதோடு பூ ஜோடியும் ஜோக்கரும். இது இரட்டை எண் கை என்பதில் சந்தேகம் இல்லை. 3, 6, 6, 9 இருப்பதால் 3-6-9 பகுதி தூரத்தில் நிற்கிறது. முதலில் வலப்பக்கம் எதைக் கொடுப்பது? வடக்கும் 5 பாமும் யோசிக்காமல் போகட்டும். மூன்றாவதாக 3 டாட்டைக் கொடுப்பேன், 9 கிராக்கை ஒரு சுற்று வைத்திருப்பேன். அது 6 கிராக்கோடு ஒரே இனம், திரும்பி வரும் மூன்று காயில் இன்னொரு 9 கிராக் வந்தால் கதை மாறலாம். 8 டாட் தனியாகக் கிடந்தாலும் இரட்டை எண், இருக்கட்டும். வரியை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். பகுதி முடிவாகிவிட்டது, அது போதும். முதல் சுற்று முடியும்போது இரண்டு மூன்று வரி மிச்சமிருக்க வேண்டும், இரண்டாவது முடியும்போது ஒன்றோ இரண்டோ.

கொடுக்கும்போது பொதுவாக ஜோடியாகக் கொடுக்க வேண்டாம், ஒரே மாதிரி எண்களைச் சேர்த்தும் கொடுக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவருக்கு நீங்களே கை கட்டித் தந்ததாக ஆகிவிடும். பூவைக் கொடுப்பதைக் கடைசி வரை தள்ளிப்போடுங்கள். ஏராளமான வரிகளில் பூ இருக்கும்.

ஆட்டம் தொடங்கியபின், முறை வலப்பக்கமாகப் போகும். ஒரு காய் எடுப்பது, பெயரைச் சொல்லி ஒரு காய் போடுவது. யாராவது போட்ட காய் உங்களுக்கு வேண்டுமென்றால், மூன்று, நான்கு, ஐந்து என்று சேரும் இடத்துக்குத்தான் எடுக்கலாம், எடுத்ததைத் திறந்து ரேக்கின் (காய்களை நிறுத்தி வைக்கும் தாங்கியின்) மேல் வைக்க வேண்டும். அடுத்தவர் தன் காயை எடுத்து ரேக்கில் வைப்பதற்குள் குரல் கொடுத்துவிட வேண்டும். எடுத்தவருக்கு வலப்பக்கத்திலிருந்து ஆட்டம் தொடரும், இடையில் உள்ளவர்கள் முறை போய்விடும். ஒரே காயை இருவர் கேட்டால், ‘மாஜாங்’ ஆக, அதாவது கையை முடித்து ஜெயிக்க, அதை எடுப்பவருக்குத்தான் முன்னுரிமை.

முதல் சில நிமிடத்தில் கிடைத்ததையெல்லாம் எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். ஒரு சேர்க்கையைத் திறந்தால் உங்கள் பகுதி தெரிந்துவிடும், இரண்டைத் திறந்தால் அனுபவசாலிகள் கார்டில் விரல் வைத்து உங்கள் வரியையே காட்டுவார்கள். அதன்பின் உங்களுக்கு வேண்டிய காய் மேசைக்கு வராது. தவறான சேர்க்கையைத் திறந்துவிட்டால் இன்னும் மோசம், கை ‘செத்துவிட்டது’ என்று அறிவிப்பார்கள். ஆட முடியாது, ஆனால் ஜெயித்தவருக்குப் பணம் மட்டும் கொடுக்க வேண்டும். அதே கண்ணை நீங்களும் அடுத்தவர் ரேக்கின் மேல் வையுங்கள். சுவர் குறைந்துகொண்டே வரும்போது உங்கள் கை இன்னும் பாதியில் நின்றால், ஜெயிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்காமல் இருக்கப் பாருங்கள். ஜோக்கரைக்கூடப் போடலாம், அதை யாரும் எடுக்க முடியாது என்பதால் அதைவிடப் பத்திரமான காய் இல்லை. மனசு வராது, அது வேறு விஷயம்.

வீட்டில் பயிற்சிக்கு நான் சொல்வது ஒன்றே. இரவல் செட் கிடைத்தால் கலைத்து 13 காய் எடுங்கள், அடுக்குங்கள், எந்தப் பகுதி, எந்த மூன்று காய் போகும் என்று முடிவு செய்யுங்கள். பிறகு கலைத்து மறுபடியும். முழு ஆட்டம் ஆட ஆள் தேட வேண்டாம். செட் இல்லையென்றால் 152 துண்டுச் சீட்டில் எழுதியும் செய்யலாம். எதிர்வீட்டு அம்மாவிடம் போன ஆண்டுக் கார்டு கட்டாயம் இருக்கும், பயிற்சிக்கு அது தாராளம். மேசைக்குப் போகும்போது மட்டும் நடப்பு ஆண்டுக் கார்டு உங்களுடையதாக வேண்டும், பக்கத்தவருடையதை எட்டிப் பார்த்தால் உங்கள் கண் எந்தப் பகுதியில் நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். பெரிய எழுத்தில் அச்சடித்ததும் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள்.

பணம் வைத்து ஆடுவார்களே என்று தயங்க வேண்டாம். வரிக்குப் பக்கத்தில் உள்ள 25, 30 எல்லாம் சென்ட். 25 கையை ஒருவர் பிறர் போட்ட காயில் முடித்தால், போட்டவர் 50 சென்ட், மற்ற இருவரும் 25. தானே எடுத்து முடித்தால் மூவரும் 50. ஒற்றை-ஜோடிப் பகுதி தவிர்த்து, ஜோக்கரே இல்லாமல் முடித்தால் இவையெல்லாம் இரட்டிப்பு. யாரும் ஜெயிக்காமல் சுவர் தீர்ந்துபோனால் யாரும் யாருக்கும் தர வேண்டாம். பல மேசைகளில் ஒருவர் ஒரு நாளில் 5 டாலருக்கு மேல் இழக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருப்பார்கள், பர்ஸ் காலியானாலும் தொடர்ந்து ஆடலாம். உங்கள் மேசையில் வரம்பு எவ்வளவு என்று உட்காருமுன் கேட்டுவிடுங்கள், சில்லறையாகவே கொண்டு போங்கள்.